பாண்டிமீனா பார்த்துச் சொன்ன வண்டி

வெம்பக்கோட்டையைச் சுற்றியுள்ள நாலு ஊர்ப் பெண்களைக் காலை ஏழரைக்குள் ஏற்றிக்கொண்டு, ஏழாயிரம்பண்ணைப் பக்கம் இருக்கிற பட்டாசுக் கம்பெனி கேட்டில் இறக்கிவிட வேண்டும். சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். பாண்டிமீனாவுக்கு ஐந்து வருசமாக இதுதான் வேலை. வயது நாற்பத்து மூன்று. சேலைக்கு மேலே புருசனுடைய பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தால், பின்னால் பதினாலு பேர் பேசுகிற பேச்சு ஒன்றும் அவள் காதில் ஏறாது. வண்டியின் சத்தம் மட்டும்தான் ஏறும்.

அதற்கு முன்னால் அவளும் அதே கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தவள்தான். பத்து வருசம் புஸ்வாணத்துக்கு லேபிள் ஒட்டி, பெட்டியில் அடுக்கினாள். வேன் ஓட்டியது அவள் புருசன் காளீஸ்வரன். ஏழெட்டு வருசத்துக்கு முன்னால் இரண்டு பேரும் கையிலிருந்ததை எல்லாம் சேர்த்து, கோவில்பட்டிப் பக்கம் ஒரு புரோக்கரிடம் பழைய வேன் ஒன்று வாங்கினார்கள். கண்ணாடிபோல பெயிண்ட் அடித்து, சீட்டுக்கெல்லாம் புது உறை போட்டிருந்தது. மூன்றாம் மாசம் சாத்தூர் ரோட்டில் ஆட்களோடு போய்க்கொண்டிருக்கும்போது பின்பக்கம் ‘மடக்’கென்று ஒரு சத்தம். பின்சீட்டில் உட்கார்ந்திருந்த பாண்டிமீனாவின் காலுக்குக் கீழே தரை ஒரு முழம் இறங்கிப்போனது. மெதுவாகப் போனதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இறங்கிக் குனிந்து பார்த்தால், எங்கேயோ அடிபட்டு இரண்டாய்ப் போன அடிச்சட்டத்தை, அந்தச் சேஸை, வெல்டிங் வைத்து ஒட்டி, மேலே தார் பூசியிருந்தார்கள். புரோக்கர் போனை எடுக்கவில்லை.

அந்த வேனைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு அடுத்த வண்டி வாங்குவதற்குள் புருசனும் பெண்டாட்டியும் பதினெட்டு வேன்களைப் பார்த்தார்கள். பார்த்தார்கள் என்றால், மல்லாந்து படுத்து அடியில் போய்ப் பார்ப்பது, தரை ரப்பரைத் தூக்கிப் பார்ப்பது, கதவு ரப்பருக்குள் விரலை விட்டுத் துழாவுவது. வண்டி விற்கிறவன் எங்கே பளபளப்பு ஏற்றுகிறான், எங்கே கைவைக்க மறந்துவிடுகிறான் என்பது இருவருக்கும் அப்படித்தான் பிடிபட்டது.

அதன் பிறகு காளீஸ்வரனுக்குச் சர்க்கரையில் கண் மங்கிவிட்டது. இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். வைத்த டிரைவர் ஒருத்தன் வாரத்தில் நாலு நாள்தான் வந்தான். ஒரு சித்திரை மாசம் வெம்பக்கோட்டை அணை வற்றிக் கிடந்தபோது, பாண்டிமீனா அந்தக் காய்ந்த தரையில் வண்டியை ஓட்டிப் பழகினாள். லைசென்சு எடுத்து முதல் நாள் அவள் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியதும் மூன்று பெண்கள் இறங்கி பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். அதில் ஒருத்தி அவளுடைய சொந்த மதினி சுப்புத்தாய். பஸ் ரெண்டு நாள் லேட்டாகி அரைச் சம்பளம் போனதும் சுப்புத்தாய் மூன்றாம் நாள் ஏறி முன்சீட்டிலேயே உட்கார்ந்துகொண்டாள். பாண்டிமீனா கியரைப் போட்டாள்.

கம்பெனி முதலாளி சீனிவாசகம். சிவகாசியில் வீடு. அவருடைய ஒரே மகள் அனுப்பிரியா கோயம்புத்தூரில் படிப்பை முடித்துவிட்டு, போன ஆடியிலிருந்து கம்பெனி நிர்வாகம் பார்க்க வந்துகொண்டிருந்தாள். அப்பாவுடைய பழைய காரைத்தான் ஓட்டி வருவாள். தாழ்ந்த வண்டி. ரோட்டிலிருந்து கம்பெனிக்குப் பிரிகிற மண்பாதையில் ஒவ்வொரு பள்ளத்திலும் அடிவயிறு தட்டும். ஐப்பசி மழையில் இரண்டு தடவை சகதியில் மாட்டி நின்றாள். இரண்டு தடவையும் பாண்டிமீனாதான் வேனில் கயிறு கட்டி இழுத்துவிட்டாள். இரண்டாம் தடவை வேனில் இருந்த அத்தனை பெண்களும் இறங்கித் தள்ளினார்கள். சுடிதாரெல்லாம் சேறு தெறிக்க அனுப்பிரியாவும் சேர்ந்து தள்ளினாள். அன்றிலிருந்து அவள் பாண்டிமீனாவை ‘அக்கா’ என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

“உயரமான வண்டி ஒண்ணு வாங்கணும்க்கா. ரொம்பப் பெருசு வேண்டாம். சின்ன எஸ்.யூ.வி.தான். அப்பா பழசு போதுங்காக. எனக்குப் புதுசு எடுக்கணும்னு இருக்கு.”

தீபாவளி முடிந்து, கம்பெனி மறுபடி பூஜை போட்டுத் திறந்த கார்த்திகை மாசம். புது வண்டிக்கு வரி குறைந்திருக்கிறது என்று ஊரெல்லாம் பேச்சு. ஆனாலும் சீனிவாசகத்துக்கு மனசு வரவில்லை. அந்த ரோட்டில் ஓடினால் புதுசும் ஒரே வருசத்தில் பழசாகிவிடும், பிறகு என்னத்துக்குப் புதுசு என்பது அவர் கட்சி. அவர் மனைவி செல்லக்கனியின் தம்பி கதிரவன், விருதுநகரில் பழைய கார் வாங்கி விற்கிறவர். அவர் கையில் அப்போது ஒரு வெள்ளை வண்டி இருந்தது. மூன்று வருசம் ஆனது, இருபத்தெட்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது, மேலே கண்ணாடிக் கூரை திறக்கிற உயர்ந்த மாடல். புதுசை விட ஐந்து லட்சம் குறைவு. தம்பி கொடுக்கிற வண்டி என்பதால் செல்லக்கனிக்கு ஏகத் திருப்தி.

“எதுக்கும் பாண்டிமீனாக்காவ ஒரு தடவ பாக்கச் சொல்லுவோம்ப்பா,” என்றாள் அனுப்பிரியா.

சீனிவாசகம் சிரித்துக்கொண்டே சரி என்றார். அதை அவர் ஒரு சடங்காகத்தான் நினைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பாண்டிமீனா சிவகாசி வீட்டுக்குப் போனாள். போர்ட்டிகோவில் வெள்ளை வண்டி கழுவித் துடைத்து நின்றது. கதிரவன் வெள்ளைச் சட்டையில் பக்கத்தில் நின்றார். செல்லக்கனி கேசரி கிண்டியிருந்தாள். பாண்டிமீனாவுக்கும் ஒரு கிண்ணத்தில் வந்தது. அதை வாங்கித் தின்னாமல் ஓரமாக வைத்துவிட்டு வண்டியைச் சுற்றி வந்தாள்.

வெளியே குறை சொல்ல ஒன்றுமில்லை. கதவைத் திறந்ததும் மல்லிகைப்பூ வாசனை குப்பென்று அடித்தது. அதற்குள்ளே இன்னொரு வாசனை இருந்தது. ஈரத்துணியை நாலு நாள் மடித்து வைத்தால் வருமே, அது. டிரைவர் சீட் பெல்ட்டை இழுத்தாள். எல்லாரும் போட்டுக்கொள்கிற அளவுக்கு இழுத்து விடாமல், உள்ளே சுருண்டிருக்கிற கடைசி முழம் வரைக்கும் உருவினாள். சுத்தமாக இருந்த பெல்ட்டில் கடைசி ஒரு சாண் மட்டும் செம்மண் நிறத்தில் இருந்தது. கோடு போட்டதுபோல ஒரு கறை.

சீட்டுக்குக் கீழே கைவிட்டாள். சீட் நகர்கிற கம்பியில் துரு சொரசொரத்தது. டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி டயரைத் தூக்கினாள். அந்தக் குழியின் மூலையில், எந்தத் துணியும் எட்டாத இடத்தில், வண்டல் காய்ந்து பாளம் பாளமாக இருந்தது. விரலில் எடுத்து நுணுக்கினாள். மாவுபோல உதிர்ந்தது. கடைசியாக முன்பக்கம் வந்து தரைவிரிப்பின் ஓரத்தை நெம்பித் தூக்கினாள். அடியில் ஓடிய வயர்களின் இணைப்பில் களிம்பு ஏறிப் பச்சை பூத்திருந்தது.

“பதிவு எந்த ஊரு அண்ணாச்சி?”

“தூத்துக்குடி. ஏன்?”

இரண்டு வருசத்துக்கு முன்னால் மார்கழியில் அந்தப் பக்கம் பெய்த பேய்மழையில் வீடும் தெருவும் தண்ணீரில் கிடந்ததை அவள் டிவியில் பார்த்திருக்கிறாள். கார்கள் கூரை மட்டும் தெரிய வரிசையாக நின்றதையும் பார்த்திருக்கிறாள்.

நிமிர்ந்தாள். எல்லாரும் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்லாத்தான் இருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் கேசரியைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போகலாம். அவள் வேன் ஓடுவது இந்த வீட்டு முதலாளி கொடுக்கிற டிரிப்பில். விற்கிறவர் முதலாளியம்மாவின் கூடப்பிறந்தவர். அவள் வாயைத் திறக்கத் தயங்கி நின்ற அந்த நேரத்தில் அனுப்பிரியா டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, தன் உயரத்துக்குச் சீட்டைத் தூக்கி, உள்கண்ணாடியைத் திருப்பிச் சரிசெய்தாள். அது தன் வண்டி ஆகிவிட்டதுபோல இருந்தது அவள் முகம்.

“மொதலாளி, இது தண்ணிக்குள்ள கெடந்த வண்டி,” என்றாள் பாண்டிமீனா.

கதிரவன் முகம் சுருங்கியது. “மழைல கண்ணாடிய எறக்கி விட்டுட்டு மறந்திருப்பாக. கொஞ்சம் நனைஞ்சிருக்கும். அத போயி பெருசா சொல்லிக்கிட்டு.”

“மழை மேல இருந்து கீழ எறங்கும் அண்ணாச்சி. இந்த அழுக்கு கீழ இருந்து மேல ஏறியிருக்கு. சீட்டு ஒசரம் நின்னிருக்கு தண்ணி.” பெல்ட்டை மறுபடி உருவிக் காட்டினாள்.

கதிரவன் பார்க்கவில்லை. “அத்தான், நான் இருவது வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன். எங்கக்கா மகளுக்குக் கெட்ட வண்டியையா கொண்டாந்து கட்டுவேன்?”

செல்லக்கனிக்குக் கண் கலங்கிவிட்டது. “வேன் ஓட்டுதவ வந்து, என் வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு, என் தம்பியக் களவாணிங்கிறா. நீங்களும் கேட்டுக்கிட்டு நிக்கீக.”

“நான் அண்ணாச்சியச் சொல்லலம்மா. வண்டியச் சொன்னேன்.”

“சரிம்மா, நீ கெளம்பு,” என்றார் சீனிவாசகம். குரலில் கோபம் இல்லை. ஒன்றுமே இல்லை. அதுதான் பாண்டிமீனாவுக்குப் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து காளீஸ்வரனிடம் சொன்னாள். அவன் பெல்ட்டில் கறை எவ்வளவு நீளம், வண்டல் என்ன நிறம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, “தண்ணி வண்டிதான்,” என்றான். பிறகு, “தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்ல மீனா,” என்றான்.

அது அவளுக்கும் வரும் வழியெல்லாம் தோன்றிய விசயம்தான். ஒரு மனுசனை அவர் அக்கா வீட்டில் வைத்துத் தலைகுனிய விட்டுவிட்டோமே என்று உறுத்தியது. ஆனால் தனியாகச் சொல்லியிருந்தால் அந்தப் பேச்சு அந்தப் பிள்ளை காதுக்குப் போய்ச் சேர்ந்திருக்குமா என்றும் ஒரு கேள்வி இருந்தது.

அடுத்த வாரம் கம்பெனி மேனேஜர் அவளுடைய வண்டியின் இன்சூரன்சு, எப்.சி. நகல் எல்லாம் கேட்டு வாங்கினார். எப்போதும் தை மாசம்தான் கேட்பார். கேட்டில் ஒருநாள் புதிதாக வேறொரு வேன் நின்றது. யாரோ சரக்குப் பார்க்க வந்தவர்களுடையது என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குள் சுப்புத்தாய், “உனக்கு டிரிப்பு போச்சுன்னா நாங்க பதினாலு பேரும் மொதலாளிகிட்ட போயி நிப்போம்,” என்று சொல்லிவைத்தாள். அனுப்பிரியாவைக் காணவே இல்லை.

பத்தாம் நாள் சீனிவாசகமே கம்பெனிக்கு வந்தார். பெண்களை இறக்கிவிட்டு வேனைத் திருப்பிக்கொண்டிருந்தவளைக் கைகாட்டி நிறுத்தினார். பாண்டிமீனா இறங்கி வந்து நின்றாள்.

“என் மச்சினன் பொய் சொல்லுத ஆளு இல்ல பாண்டிமீனா.”

“தெரியும் மொதலாளி.”

“பெறகு? அந்த வண்டி ஓடாதா?”

“ஓடும். ஒரு வருசம், ரெண்டு வருசம் நல்லாவே ஓடும். அதான் மொதலாளி வெனையே.” கேட்டுப் பக்கம் ஒருதரம் பார்த்தாள். பிறகு சொன்னாள். “வயர்ல பச்ச பூத்திருக்கு. என்னைக்கோ ஒருநாள் உள்ளுக்குள்ள ஒரசிப் பொறி கெளம்பும். வழியில நின்னா நான் போயி இழுத்தாந்துருவேன். பாப்பா அத எங்க கொண்டாந்து நிப்பாட்டும்? இங்கனதான நிப்பாட்டும்.”

சீனிவாசகம் திரும்பிப் பார்த்தார். கேட்டுக்கு வெளியே கார் நிறுத்துகிற தகரக் கொட்டகை. கேட்டில் வாட்ச்மேன் உள்ளே போகிற பெண்களிடம் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டிருந்தார். வெடிமருந்து லோடு இறக்க வந்த வண்டியின் புகைக்குழாயில் பொறி தடுக்கிற கம்பிக்கூண்டு மாட்டியிருக்கிறதா என்று இன்னொருவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கப்பால் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் கட்டிய அறைகள். அவர் சட்டைப் பையில் பேனாவைத் தவிர ஒன்றும் வைக்க மாட்டார். கேட்டுக்குள் நுழையும்போது முப்பது வருசமாகச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைகிறார்.

“இத ஏன் அன்னைக்குச் சொல்லல?”

“கெளம்புன்னு சொன்னீக. கெளம்பிட்டேன்.”

மறுநாளே அவர் மச்சினனை அழைத்துக்கொண்டு, அந்த வண்டியை மதுரையில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனார். அங்கே டேஷ்போர்டைக் கழற்றினார்கள். உள்ளே சிலந்திவலை மாதிரி ஓடுகிற வயர்களுக்கு நடுவே கைப்பிடி கைப்பிடியாக வண்டல் இருந்தது. விபத்தில் விரிய வேண்டிய ஏர்பேக் வேலை செய்யுமா என்று உறுதி சொல்ல முடியாது என்றார்கள். கதிரவன் அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவர் அந்த வண்டியை வெளியூரில் ஏலத்துக்கு விட்ட மொத்தத்தில் ஒன்றாக எடுத்திருந்தார். கொடுத்தவன் காட்டிய காகிதத்தையும், துடைத்து வைத்த சீட்டையும் நம்பி, பெல்ட்டைக் கடைசி வரை உருவிப் பார்க்காமல் வாங்கியிருந்தார். இருபது வருசத் தொழில்காரர்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அனுப்பிரியா பாண்டிமீனாவின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். “அம்மாட்ட பேசிப் பேசி ஓஞ்சு போனேன்க்கா. அதான் மூஞ்சியக் காட்ட முடியல. புதுசு எடுக்கச் சொல்லிட்டாக அப்பா. நீங்க வாங்க.”

மூன்று ஷோரூம் ஏறி இறங்கினார்கள். எல்லா இடத்திலும் விற்கிற ஆள் அனுப்பிரியாவைப் பார்த்துத்தான் பேசினான். பெரிய திரை, பாட்டு, குரல் கொடுத்தால் திறக்கிற கூரை. பாண்டிமீனா கேட்டது வேறு. டயர் பஞ்சரானால் மாற்றுவதற்கு ஸ்டெப்னி எங்கே என்று கேட்டாள். முதல் ஷோரூமில் ஒரு சின்னப் பையைக் காட்டினார்கள். ஓட்டை அடைக்கிற பசையும் காற்றடிக்கிற மிசினும் அதில் இருந்தன.

“எங்க ரோட்டுல கருவமுள்ளு விரல் நீளத்துக்குக் கெடக்கும் தம்பி. ஒரே டயர்ல ஏழு ஓட்ட விழும். இதுல எத்தனைய அடைக்க?” அந்தக் கடையை விட்டு வந்துவிட்டார்கள்.

இரண்டாவதில் வண்டி உயரம்தான். ஆனால் அனுப்பிரியா ஐந்தடி. சீட்டை எவ்வளவு தூக்கினாலும் அவளுக்கு முன்பக்கத்து விளிம்பு தெரியவில்லை. “குறுக்க கோழி வந்தாக்கூடத் தெரியாது பாப்பா,” என்றாள் பாண்டிமீனா.

மூன்றாவது வண்டியை ஷோரூம்காரனையும் ஏற்றிக்கொண்டு கம்பெனி ரோட்டுக்கே கொண்டுவரச் சொன்னார்கள். ஆனைக்குட்டம் தாண்டி வருகிற வரைக்கும் அவன் பேசிக்கொண்டே வந்தான். மண்பாதையில் இறங்கியதும் மேல்கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மௌனமானான். பழைய கார் வழக்கமாகத் தட்டுகிற பாலத்து மேட்டில் இந்த வண்டி தட்டாமல் ஏறி இறங்கியது. முன்பக்கம் அனுப்பிரியாவுக்குத் தெரிந்தது. முழு ஸ்டெப்னி இருந்தது. ஆறு ஏர்பேக் வேண்டும், கூரைக் கண்ணாடி வேண்டாம் என்று பாண்டிமீனா சொன்னாள். “நம்மூரு வெயிலு பத்தாதுன்னா மேல வேற ஓட்ட போடணும்?” அனுப்பிரியாவுக்கு அந்தக் கண்ணாடியின் மேல் ஆசை இருந்தது. ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு விட்டுக்கொடுத்தாள். நிறத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. வெள்ளை எடுங்க, சூடு தாங்கும் என்று பாண்டிமீனா சொல்லச் சொல்ல, சிவப்பு எடுத்தாள்.

வண்டி வந்த அன்று சாவியைக் கொடுத்து, “நீங்க கொஞ்ச தூரம் ஓட்டுங்கக்கா,” என்றாள்.

பாண்டிமீனா சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்தாள். பழக்கத்தில் கை கடைசி வரைக்கும் உருவிப்போனது. கடைசி முழமும் முதல் முழத்தைப் போலவே இருந்தது. இத்தனை வருசத்தில் அவள் தொட்ட வண்டி ஒவ்வொன்றும் எதையோ ஒளித்து வைத்திருந்தது. இதில் ஒளிப்பதற்கு இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. கண்ணாடியைத் துடைக்கிறவள்போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு கியரைப் போட்டு, வெம்பக்கோட்டை ரோட்டில் நாலு கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தாள். “கிளட்ச் பஞ்சு மாதிரி இருக்கு,” என்று மட்டும் சொன்னாள்.

தை பிறந்து இரண்டாம் வாரம், காலையில் ரோடு பிரிகிற வெம்பக்கோட்டை விலக்கில் ஆள் ஏற்றிக்கொண்டிருக்கும்போது கதிரவன் வந்தார். பைக்கில் தனியாக வந்திருந்தார். சுப்புத்தாய் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

“அந்த வெள்ளை வண்டிய ஒடச்சுப் பார்ட்ஸாக் குடுத்திட்டேன்,” என்றார். “யார் தலையிலயும் கட்டல.”

“நான் அன்னைக்கு உங்களத் தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும் அண்ணாச்சி. மனசுல வச்சுக்கிடாதீக.”

அவர் ஹெல்மெட்டின் வாரைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றார். “அதே ஏலத்துல எடுத்தது இன்னும் நாலு கெடக்கு. நான் பாத்தா எல்லாம் நல்லாத்தான் தெரியுது. இனி என் கண்ண நம்ப முடியல. ஞாயித்துக்கெழம வந்து பாத்துச் சொல்றீகளா? சும்மா வேண்டாம். கூலி தந்துருதேன்.”

பாண்டிமீனா யோசித்தாள். “வாறேன். ஆனா நான் சொல்லுதத வாங்க வாறவுககிட்டயும் அப்படியே சொல்லணும். சம்மதம்னா வாறேன்.”

கதிரவன் ரோட்டைப் பார்த்தார். அப்படிச் சொன்னால் சில வண்டி விற்கவே விற்காது என்பது அவருக்குத் தெரியும்.

“சரி, வாங்க,” என்றார்.

அந்த ஞாயிறு காளீஸ்வரனையும் கூட்டிக்கொண்டு விருதுநகர் போனாள். அவன் பானெட்டைத் தூக்கச் சொல்லி, எஞ்சின் ஓடுகிற சத்தத்தைக் காதால் பார்த்தான். அவள் தரைவிரிப்பைத் தூக்கினாள். நாலில் இரண்டு தேறியது. இப்போது மாசத்தில் இரண்டு ஞாயிறு அங்கே போகிறார்கள். கதிரவன் கடையில் வண்டிக் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. கதவு ஒருதரம் மாற்றியது, ஏ.சி. பார்க்க வேண்டும் என்று உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறது. முதல் இரண்டு மாசம் வியாபாரம் படுத்துத்தான் போனது. இப்போது ராஜபாளையத்திலிருந்துகூட ஆள் தேடி வருகிறது.

செல்லக்கனி இன்னும் பாண்டிமீனாவிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் தம்பி வீட்டுக் காதுகுத்துக்குப் பத்திரிகை வந்தபோது உறையின் மேல் காளீஸ்வரன், பாண்டிமீனா குடும்பத்தார் என்று எழுதியிருந்தது. அது செல்லக்கனியின் கையெழுத்து என்று அனுப்பிரியா சொன்னாள்.